கோட்டுக்கு எந்தப் பக்கம்?

பாக் நீரிணையில் இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் எல்லைக்கு வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. அது எண்களால் மட்டுமே ஆன எல்லை. 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணை தொடங்கி ஆதாம் பாலம் வரை 6 புள்ளிகள் குறிக்கப்பட்டன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சக்கோடு, ஒரு தீர்க்கக்கோடு. அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்தால் எல்லை வந்துவிடும்.

புள்ளி 1: வடக்கு 10 பாகை 05 நிமிடம், கிழக்கு 80 பாகை 03 நிமிடம்
புள்ளி 2: வடக்கு 9 பாகை 57 நிமிடம், கிழக்கு 79 பாகை 35 நிமிடம்
புள்ளி 3: வடக்கு 9 பாகை 40.15 நிமிடம், கிழக்கு 79 பாகை 22.60 நிமிடம்
புள்ளி 4: வடக்கு 9 பாகை 21.80 நிமிடம், கிழக்கு 79 பாகை 30.70 நிமிடம்
புள்ளி 5: வடக்கு 9 பாகை 13 நிமிடம், கிழக்கு 79 பாகை 32 நிமிடம்
புள்ளி 6: வடக்கு 9 பாகை 06 நிமிடம், கிழக்கு 79 பாகை 32 நிமிடம்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கும் அக்காள்மடம் போன்ற ஊர்களில் இந்த 6 வரிகள் வீட்டுச் சோற்றோடு சம்பந்தப்பட்டவை. எல்லை எங்கே ஓடுகிறது என்பது வெளியுறவு அமைச்சகங்களின் கவலை. கடலில் நிற்கும் படகுக்கு வேண்டியது வேறொரு பதில்: நான் இப்போது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்?

பதினோராம் வகுப்புக் கணிதத்தில் "இரு மாறிகளில் நேரிய அசமன்பாடுகளின் வரைபடம்" என்று ஒரு பகுதி வருகிறது. கோடு போடு, ஒரு புள்ளியை வைத்துச் சோதி, சரியான பக்கத்தை நிழலிடு என்று மூன்று படிகளில் முடிந்துவிடும். மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் பகுதி என்பதால் பலரும் மனப்பாடமாகவே கடந்துபோகிறார்கள். ஆனால் அந்த மூன்று படிகளும் பாக் நீரிணைக் கடலில் அன்றாடம் நடக்கின்றன. நடத்துவது படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி. அந்தக் கருவி மனதுக்குள் போடும் கணக்கை நாமும் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

கடலை வரைபடத் தாளாக்குவது

முதலில் எண்களைச் சிறிதாக்குவோம். கிழக்கு 79 பாகைக்கு மேல் எத்தனை நிமிடம் என்பதைக் "கி" என்று வைத்துக்கொள்வோம். வடக்கு 9 பாகைக்கு மேல் எத்தனை நிமிடம் என்பது "வ". பள்ளித் தாளின் கிடைமட்ட அச்சு கி, செங்குத்து அச்சு வ. இப்படிப் பார்த்தால் ஆதிப்புள்ளி (0, 0) மண்டபத்துக்குத் தென்மேற்கே மன்னார் வளைகுடாவில், நடுக்கடலில் விழுகிறது. அக்காள்மடம் ஏறக்குறைய (14, 17). ராமேஸ்வரம் ஏறக்குறைய (19, 17). கச்சத்தீவு (31, 23). எல்லையின் மூன்றாம் புள்ளி (22.60, 40.15), நான்காம் புள்ளி (30.70, 21.80).

இந்த அளவில் ஒரு வசதியும் இருக்கிறது. அட்சக்கோட்டில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். தீர்க்கக்கோட்டின் நிமிடம் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். ஆனால் ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது ஒரு கடல் மைலை விட ஒன்றரை விழுக்காடுதான் குறைவு. ஆகவே நம் தாளில் ஒரு கட்டம் போனால் கடலில் ஏறக்குறைய ஒரு கடல் மைல் போனதாகக் கொள்ளலாம்.

மூன்றாம் புள்ளியிலிருந்து நான்காம் புள்ளிக்குப் போக, கிழக்கே 8.10 நிமிடம் நகர்ந்து தெற்கே 18.35 நிமிடம் இறங்க வேண்டும். இந்த இரண்டு எண்களே கோட்டின் சமன்பாட்டைத் தந்துவிடுகின்றன:

18.35 கி + 8.10 வ = 739.925

சரிபார்க்க இரு முனைகளையும் இட்டுப் பாருங்கள். மூன்றாம் புள்ளியில் 414.71 + 325.215. நான்காம் புள்ளியில் 563.345 + 176.58. இரண்டும் 739.925.

ஒப்பந்தம் நேர்கோடு என்று சொல்லவில்லை. பூமி உருண்டை என்பதால் பெருவட்ட வில் என்றே சொல்கிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வில்லுக்கும் நம் தாளின் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மீட்டரைத் தாண்டாது. ஒரு படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும் பிழையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

சமன்பாடு போதாது

மேலே எழுதிய சமன்பாடு சரியாகக் கோட்டின் மேல் இருக்கும் இடங்களை மட்டுமே சொல்கிறது. கோட்டுக்குத் தடிமன் இல்லை. அதன் மேல் யாரும் வலை வீசுவதில்லை. மீனும் படகும் ரோந்துக் கப்பலும் இருப்பது கோட்டுக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். சமக்குறியை எடுத்துவிட்டு < அல்லது > என்று போட்டவுடன் கணிதம் அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஒரு நேர்கோடு தளம் முழுவதையும் இரண்டு அரைத்தளங்களாகப் பிரிக்கிறது. ஒன்றில் இடப்பக்கக் கோவையின் மதிப்பு எங்கும் 739.925ஐ விடக் குறைவு, மற்றதில் எங்கும் அதிகம். ஓர் அரைத்தளத்துக்குள்ளேயே சில இடங்களில் குறைவும் சில இடங்களில் அதிகமும் இருக்க வழியே இல்லை. குறைவிலிருந்து அதிகத்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் சமத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சமமாக இருக்கும் இடமோ கோடு மட்டும்.

"ஒரே ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும்" என்று ஆசிரியர் சொல்வதன் நியாயம் இதுதான். ஒரு புள்ளி எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் முழுவதும் தெரிந்துவிடும். ஆதிப்புள்ளியை இட்டால் 0 வருகிறது. 0, 739.925ஐ விடக் குறைவு. ஆதிப்புள்ளி நம் பக்கத்துக் கடல். ஆகவே இந்தத் துண்டுக்கு இந்தியப் பக்கத்தின் அசமன்பாடு:

18.35 கி + 8.10 வ < 739.925

கச்சத்தீவை இட்டுப் பார்ப்போம். 18.35 × 31 = 568.85, 8.10 × 23 = 186.3, கூட்டினால் 755.15. அது 739.925ஐ விட அதிகம். தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. ஐம்பது ஆண்டுகளாக மேடைகளில் பேசப்படும் ஒரு செய்தி ஒப்பந்தத்தின் வாசகத்தில் இந்த ஒற்றைக் கூட்டலாகத்தான் இருக்கிறது. அந்தக் கோட்டை அங்கே போட்டது நியாயமா என்பது அரசியலும் சட்டமும் பேச வேண்டிய கேள்வி. அதற்குக் கணிதத்திடம் பதில் இல்லை.

அடுத்து இரண்டு படகுகள். ஒன்றின் கருவி வடக்கு 9 பாகை 30 நிமிடம், கிழக்கு 79 பாகை 25 நிமிடம் என்று காட்டுகிறது. (25, 30)ஐ இட்டால் 701.75, இந்தியப் பக்கம். இன்னொன்று அதே அட்சக்கோட்டில் 79 பாகை 28 நிமிடத்தில் இருக்கிறது. இட்டால் 756.8, எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டு படகுக்கும் இடையே 3 நிமிடம், ஏறக்குறைய மூன்று கடல் மைல்தான் தூரம்.

எண் சொல்லும் தூரம்

பள்ளிப் பாடம் "ஆம், இல்லை" என்ற பதிலோடு நின்றுவிடுகிறது. கடலில் இருப்பவருக்கு அது போதாது; இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதே கோவை அதையும் சொல்லும். கெழுக்கள் 18.35, 8.10 இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 20.06 வருகிறது. 739.925க்கும் படகின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை 20ஆல் வகுத்தால், படகுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம் ஏறக்குறைய கடல் மைலில் கிடைத்துவிடும்.

முதல் படகுக்கு வித்தியாசம் 38.175, எனவே எல்லை 1.9 கடல் மைலில் இருக்கிறது. இரண்டாம் படகு 0.84 கடல் மைல் உள்ளே போயிருக்கிறது. கச்சத்தீவுக்கு வித்தியாசம் 15.225, அதாவது முக்கால் கடல் மைல், ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர். தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் தள்ளிக் கோடு போகிறது என்று 1974இல் அரசு சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. அக்காள்மடத்துக்கு இந்தக் கணக்குப்படி எல்லை சுமார் 17 கடல் மைல்.

கெழுக்களைத் தனித்தனியாகப் படித்தால் இன்னொன்றும் புரியும். கிழக்கே ஒரு நிமிடம் போனால் கோவை 18.35 கூடுகிறது, எல்லை 0.9 கடல் மைல் நெருங்குகிறது. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். வடக்கே ஒரு நிமிடம் போனாலும் கோவை 8.10 கூடுகிறது, எல்லை 0.4 கடல் மைல் நெருங்குகிறது. அதாவது இந்தத் துண்டில், கிழக்கே ஓர் அடிகூட நகராமல் நேர் வடக்கே 10 கடல் மைல் ஓடும் படகுக்கும் எல்லை 4 கடல் மைல் கிட்டே வந்துவிடுகிறது. (21, 22) என்ற இடத்தில் கிட்டத்தட்ட 8.8 கடல் மைலில் இருந்த எல்லை, (21, 32)இல் 4.8 கடல் மைலாகிவிடும். "இலங்கை கிழக்கே இருக்கிறது, நாம் வடக்கேதானே போகிறோம்" என்ற நினைப்பு இங்கே ஏமாற்றும். கோடு சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வைத்தான் இரண்டாம் கெழு நமக்கு நினைவூட்டுகிறது.

மேலும் என்பதும் அல்லது என்பதும்

இதுவரை ஒரு துண்டை மட்டும் பார்த்தோம். எல்லைக்கோ 5 துண்டுகள். நான்கிலிருந்து ஐந்தாம் புள்ளி வரை உள்ள துண்டுக்கு இந்தியப் பக்கம் 8.80 கி + 1.30 வ < 298.5. ஐந்தும் ஆறும் ஒரே தீர்க்கக்கோட்டில் இருப்பதால் அங்கே எல்லை நேர் தெற்காக இறங்குகிறது. அதற்குச் சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. சாய்வும் வெட்டுத்துண்டும் வைத்துக் கோடு எழுதிப் பழகிய மாணவர் இங்கே திணறுவார். அசமன்பாடாக எழுதினால் எல்லாவற்றிலும் இதுதான் எளிது: கி < 32. தனுஷ்கோடிக்குக் கிழக்கே, மணல் திட்டுகளுக்கு நடுவே போகும் எல்லை இந்த ஒரு வரிதான்.

ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே உள்ள கடலில் இந்தியப் பக்கம் இருக்க வேண்டுமானால் இந்த மூன்று அசமன்பாடுகளும் ஒருசேர உண்மையாக வேண்டும். ஒன்று பொய்த்தாலும் படகு வெளியே. கணிதத்தில் இதை "மேலும்" என்ற சொல்லால் இணைப்பார்கள். மூன்று அரைத்தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலிட்டால் எங்கே மூன்று நிழலும் விழுகிறதோ அதுதான் விடை.

மூன்றாம் புள்ளிக்கு வந்தால் கதை மாறுகிறது. இரண்டாம் புள்ளியிலிருந்து தென்மேற்காக இறங்கி வரும் எல்லை, மூன்றாம் புள்ளியில் மடங்கித் தென்கிழக்காகப் போகிறது. இலங்கைக் கடல் அங்கே ஒரு முனையாக மேற்கு நோக்கி நீண்டு வருகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு இந்தியப் பக்கம்:

12.40 வ − 16.85 கி > 117.05

இதில் ஆதிப்புள்ளியை இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 0. அது 117.05ஐ விட அதிகமில்லை. அசமன்பாடு பொய்க்கிறது! மண்டபத்துக்குத் தென்மேற்கே உள்ள கடல் இலங்கைக்குப் போய்விட்டதா? இல்லை. எல்லையின் இந்தத் துண்டு மூன்றாம் புள்ளியில் முடிந்துவிடுகிறது. அசமன்பாடோ கோட்டை முடிவில்லாமல் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு போகிறது. நீட்டிய பகுதிக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. மூன்றாம் புள்ளியைச் சுற்றி இந்தியப் பக்கம் இருக்க, இரண்டு அசமன்பாடுகளில் ஏதாவது ஒன்று உண்மையானால் போதும். இங்கே இணைக்கும் சொல் "அல்லது". ஆதிப்புள்ளிக்கு முதல் அசமன்பாடு உண்மை. ஆகவே அது நம் கடல்தான். அதே முனையில் இலங்கைப் பக்கத்துக்கு இணைப்புச் சொல் "மேலும்": இரண்டையும் தாண்டினால்தான் அவர்கள் கடல். ஒரே மடிப்பு, ஒரு கரைக்கு "அல்லது", எதிர்க்கரைக்கு "மேலும்".

இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். விளைவைப் பாருங்கள். "மேலும்" போட்டு இணைத்த அரைத்தளங்களின் பகுதி எப்போதும் குவிவுக் கணமாக இருக்கும். அதாவது அதற்குள் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றை இணைக்கும் நேர்கோடு முழுவதும் உள்ளேயே கிடக்கும். "அல்லது" போட்டு இணைத்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். இந்தியப் பக்கத்துப் பாக் நீரிணை அப்படித்தான் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து கோடியக்கரைக்குத் தாளில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் தமிழ்நாட்டு ஊர்கள். தூரம் ஏறக்குறைய 67 கடல் மைல். அந்தக் கோடு வடக்கு 9 பாகை 31 நிமிடம், கிழக்கு 79 பாகை 26 நிமிடம் அருகே எல்லையைத் தாண்டி, சுமார் 30 கடல் மைல் இலங்கைக் கடலில் ஓடி, இரண்டாம் புள்ளிக்குக் கிழக்கே மறுபடி இந்தியக் கடலுக்குள் வருகிறது. நம் ஊரிலிருந்து நம் ஊருக்கு நேராகப் போகிறவர், வழியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தூரம் வேற்று நாட்டுக் கடலில் இருப்பார்.

எல்லையை மிதிக்காமல் போக வேண்டுமானால் மிகக் குறுகிய வழி மூன்றாம் புள்ளியை ஒட்டித் திரும்பி, இரண்டாம் புள்ளியை ஒட்டிப் போவது. அதற்கு எவ்வளவு கூடுதல்? ஏறக்குறைய 2 கடல் மைல்தான். 67க்குப் பதில் 69. நிழலிட்ட ஒரு வரைபடத்தைப் பார்த்தவருக்கு இந்த விலை எவ்வளவு சின்னது என்று உடனே புரியும். திசைகாட்டியை மட்டும் பார்த்தவருக்குப் புரியாது.

எளிய விதியின் விலை

இவ்வளவு கணக்கு எதற்கு, ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதும். பாக் நீரிணையில் எல்லை எங்கேயும் 79 பாகை 22.60 நிமிடத்துக்கு மேற்கே வருவதில்லை. மூன்றாம் புள்ளிதான் அதன் மேற்கு எல்லை. ஆகவே கி < 22.60 என்று மட்டும் பார்த்துக்கொண்டால் ஒருபோதும் தவறு நேராது. ஆனால் இந்த விதி போதுமான விதி, தேவையான விதி அல்ல. மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட துண்டில் மட்டும், இந்த எளிய விதிக்கும் உண்மையான எல்லைக்கும் நடுவே ஒரு முக்கோணக் கடல் விடுபட்டுப் போகிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 73 சதுரக் கடல் மைல், 250 சதுரக் கிலோமீட்டர். சட்டப்படி நமக்கு உரிய அவ்வளவு கடலை, கணக்குப் போடத் தயங்கி விட்டுக்கொடுப்பது சின்ன விலையில்லை.

அதுவும் இந்தக் கடலில். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், கரையை ஒட்டிய 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அதற்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே எல்லை சுமார் 12 கடல் மைல். ஆக விசைப்படகுக்கு இரண்டு நிபந்தனைகள்: கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு மேல் இருக்க வேண்டும், எல்லைக் கோட்டுக்கு உள்ளேயும் இருக்க வேண்டும். இரண்டு நிழலும் சேர்ந்து விழும் இடம் 9 கடல் மைல் அகலமுள்ள ஒரு பட்டை. கணிதப் புத்தகம் இதை "ஏற்புடைய பகுதி" என்று அழைக்கும். நிபந்தனை ஒவ்வொன்று கூடும்போதும் ஏற்புடைய பகுதி சுருங்குமே தவிர விரியாது. வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று இந்தக் கரையில் வந்த முறை, இடத்தில் சுருங்கியதைக் காலத்திலும் பங்கிட்ட ஏற்பாடு. இவ்வளவு ஒடுங்கிய பட்டையில் இத்தனை படகுகள் என்றால் நெருக்கடி வராமல் என்ன செய்யும்? பாக் நீரிணை மீன்பிடிச் சிக்கலைப் பேசுகிறவர்கள் முதலில் இந்த வரைபடத்தை வரைந்து பார்ப்பது நல்லது.

ஏற்புடைய பகுதியை வரைந்து, அதற்குள் மிகச் சிறந்த இடத்தைத் தேடுவது இன்று தனித் துறை. பிரான்ஸின் ஜோசப் ஃபூரியே 1820களில் அசமன்பாட்டுத் தொகுதிகளை ஆராய்ந்தார். ரஷ்யாவின் லியோனித் கண்டரோவிச் 1939இல் தொழிற்சாலை உற்பத்தியைத் திட்டமிட அவற்றைப் பயன்படுத்தினார். 1947இல் அமெரிக்காவின் ஜார்ஜ் டான்ட்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறை, ஏற்புடைய பகுதியின் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போய் விடையைப் பிடிக்கிறது. கப்பல் நிறுவனமும் விமான நிறுவனமும் இன்று அந்த முறையை நம்பியிருக்கின்றன. < > குறிகளே மாலுமிகளோடு பழகியவரிடமிருந்து வந்தவைதான். அவை முதன்முதலில் அச்சேறியது தாமஸ் ஹாரியட் இறந்தபின் 1631இல் வெளிவந்த நூலில். அந்த ஹாரியட், வால்டர் ராலேயின் கப்பல் தலைவர்களுக்குக் கடல்வழிக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1585இல் தானே அட்லாண்டிக்கைக் கடந்தவர்.

கோட்டுக்கு முன்னாலேயே ஒரு கோடு

வரைபடத்தில் < என்றால் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுவோம். கோட்டின் மேல் உள்ள இடங்கள் விடையில் சேராது என்று அர்த்தம். ≤ என்றால் முழுக்கோடு, அவையும் சேரும். தாளில் இது அரை மதிப்பெண் விஷயம். கடலில் இந்த வேறுபாட்டுக்கே இடமில்லை, ஏனென்றால் கோட்டுக்கு மிக அருகில் எந்தக் கருவியும் உறுதியாகப் பேசாது. ஜிபிஎஸ் சில மீட்டர் பிழை காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் நம்பியிருக்கும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புவி அளவை அடிப்படை 1974இல் கிடையாது. பழைய அடிப்படையில் வரைந்த வரைபடத்தின் எண்ணைப் புதிய கருவியில் அப்படியே இட்டால், இடம் நூறு மீட்டர் கணக்கில் நகரக்கூடும். நீரோட்டமும் காற்றும் படகை இழுப்பது தனி.

இதற்கு அசமன்பாட்டிலேயே மருந்து இருக்கிறது. வலப்பக்க எண்ணைக் குறைத்தால் கோடு தனக்கு இணையாகவே நம் பக்கம் நகரும். ஒரு கடல் மைல் இடைவெளி விட வேண்டுமா? 20.06ஐக் கழியுங்கள்:

18.35 கி + 8.10 வ < 719.87

இரண்டு கடல் மைல் வேண்டுமானால் இன்னொரு முறை கழியுங்கள். இடப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். எல்லை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவிகள் எல்லாமே செய்வது இந்த வேலையைத்தான். இஸ்ரோவின் ஆமதாபாத் மையம் மீன்பிடிப் படகுகளுக்காக உருவாக்கிய நப்மித்ரா கருவியும் எல்லை எச்சரிக்கை தருகிறது. செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும். அந்த இடம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது பெருக்கலும் கூட்டலும் ஓர் ஒப்பீடும்தான். ஆனால் இந்தக் கட்டுரையின் எண்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கு மட்டும். கடலில் நம்ப வேண்டியது அதிகாரபூர்வமான கடல் வரைபடத்தையும் சரியாக அமைக்கப்பட்ட கருவியையும்.

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசமன்பாட்டு வரைபடம் நடத்தும் அன்று, புத்தகத்தில் உள்ள x, y கணக்குக்கு முன்னால் இந்த 6 புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். வரைபடத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பாம்பனையும் தனுஷ்கோடியையும் கச்சத்தீவையும் மாணவர்களே குறிக்கட்டும். எந்தத் துண்டுக்கு "மேலும்", எந்த மடிப்புக்கு "அல்லது" என்று அவர்களே விவாதிக்கட்டும். மன்னார் வளைகுடாவுக்கு 1976 மார்ச் 23இல் கையெழுத்தான இரண்டாம் ஒப்பந்தம் ஆறாம் புள்ளியிலிருந்து தெற்கே இன்னும் ஒரு வரிசைப் புள்ளிகளைத் தருகிறது. அதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். அப்பாவும் அண்ணனும் தொழிலுக்குப் போகும் கடலின் கணக்கை மாணவர் தானே போட்டுப் பார்க்கும் வகுப்பில் அசமன்பாடு மனப்பாடப் பகுதியாக இருக்காது.